நீர்மட்டக் கொப்பியை ஒருக்கால் தாருங்கள்

எங்கள் குளத்துக் கமக்கார அமைப்பின் தலைவர் ஐயா, செயலாளர், பொருளாளர், வயல்விதானை அண்ணை, மற்றும் அங்கத்தவர்கள் எல்லாருக்கும்,

வணக்கம்.

போன கூட்டத்தில் உரமானியம், வாய்க்கால் துப்புரவு, கட்டாக்காலி மாடு எல்லாம் கதைத்து முடிந்து 'வேறு விடயங்கள்' வந்தபோது நான் எழும்பினேன். தை மாதம் குளத்தில் பறவை எண்ணப் போகிறோம், அமைப்பின் உதவி வேணும் என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "கொக்குக்கும் உரமானியம் குடுக்கப் போறியளோ?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், நல்ல பகிடிதான். சிரிப்பு அடங்குமுன் தேத்தண்ணி வந்துவிட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. சொல்ல வந்ததில் முக்கால்வாசி என்னிடமே கிடக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் போன தையில்தான் முதன்முதலாகப் போனேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று பெயர். 1987 இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியும் நடுவில் வரும் இரண்டு கிழமைகளில் நாட்டுக்கு நாடு ஆட்கள் குளம், களப்பு, ஆற்றுமுகம் என்று போய் நின்று எண்ணுவார்கள். அநேகர் ஒரு சதம் வாங்காத ஆட்கள். வடக்கே சைபீரியாப் பக்கம் உறைந்து கிடக்க, அங்கே குஞ்சு பொரித்தவை தெற்கே வந்து ஓரிடமாகத் தங்கியிருக்கும் காலம் அது. பயணத்தில் இருக்கும்போது எண்ணினால் ஒன்றையே இரண்டு நாட்டுக் கணக்கில் போட்டுவிடுவோம்.

காலமை ஐந்தேமுக்காலுக்குக் குளக்கட்டில் ஏறினோம். நாலு பேர்: கம்பஸ் பிள்ளைகள் இரண்டு, எருமை மேய்க்கும் ஐயா, நான். கிழக்கு அந்தத்தில் நிறுத்தினார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டுமாம். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். எனக்குத் தந்தது நீர்க்காகம். லேசான வேலை என்று நினைத்தேன். பட்ட மரத்தில் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டு இருப்பவற்றை எண்ணலாம். தண்ணிக்குள் நிற்பதை எப்படி எண்ணுவது? இங்கே ஒன்று முங்கும், அங்கே இரண்டு எழும்பும். முதல் தரம் 31 வந்தது. பிறகு 24. மூன்றாந்தரம் 38.

"அண்ணா, பதையாதேங்கோ," என்றாள் அந்தப் பிள்ளை. "முதலில பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதெண்டு கண்ணில வச்சிருங்கோ. பிறகு அதால மிச்சத்தை அளவுங்கோ." கொத்தால் நெல் அளக்கிற வேலை! அதன் பிறகு எனக்குக் கை வந்துவிட்டது.

எருமைக்கார ஐயாவுக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. கோரைக்குள் நீலத்தாழைக்கோழி கத்துவதைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள ஒரு ஏழெட்டு நிக்குது" என்றார். காத்திருந்தோம். ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தவை எட்டு. படிவத்தில் பெயர்கள் இங்கிலிசில் இருந்ததால் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் படப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆக்காட்டியை மட்டும் புரட்டாமலே எழுதினார்கள். அது தானே தன் பெயரைக் கத்திக்கொண்டு போனது.

ஏழு மணிபோல, குளத்தின் ஆழங்குறைந்த ஓரமான அலைகரையில் சிறகி வாத்துகள் கூட்டமாக நித்திரை. பிள்ளை இருநூறு தாண்டிவிட்டாள். அப்போது மேற்கு வயல் பக்கம் ஒரு யானைவெடி. குளம் முழுக்க ஒரே சீழ்க்கைச் சத்தம். எழும்பியவை இரண்டு வட்டம் அடித்துக் காட்டுக்கு மேலால் போய்விட்டன. யானை வரவில்லை. வெடி நனைந்துவிட்டதோ என்று பார்க்கக் கொளுத்தியதாம். கொளுத்தியவர் இந்த மடலையும் வாசிப்பார் என்பதால் பெயர் வேண்டாம். யானை வந்தால் கொளுத்துங்கள், அதை ஆரும் தடுக்கமுடியாது. அந்த ஒரு காலமை மட்டும், ஆறிலிருந்து ஒன்பது வரை, சோதனை வெடி வேண்டாம்.

சிறகி இரவில் வயலில் இறங்கி விதைநெல்லைப் பொறுக்குவது எனக்கும் தெரியும். என் புலவிலும் பொறுக்கியிருக்கிறது. எண்ணப் போகிறவர்கள் அதற்கு வக்காலத்து வாங்கப் போகவில்லை. எத்தனை நிற்கிறது என்று தெரிந்தால், எத்தனை ஏக்கருக்கு எத்தனை சிறகி என்றாவது கணக்கோடு முறையிடலாம்.

இனி நான் உண்மையில் கேட்க வந்தது. படிவத்தில் குளத்தின் நிலை என்ன என்று எழுத ஓர் இடம் இருந்தது. 'நிறைந்தது' என்று எழுதினோம். அந்தக் கிழமை மிகுதித் தண்ணி வான் வழியே பாய்ந்துகொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அலைகரை முழுக்கத் தண்ணிக்குக் கீழே. சேற்றில் இரை பொறுக்கும் உள்ளானுக்குக் கால் என் விரல் நீளம். நெட்டைக்கால் பவளக்காலிக்குக் கூடினால் ஒரு சாண். அதற்கு மேல் ஆழமென்றால் அவைக்கு அங்கே நிற்க இடமில்லை, சாப்பாடும் இல்லை. புரட்டாசியில் வற்றிய சேற்றில் கூட்டமாக ஓடித்திரிந்த உள்ளான், தையில் எங்கள் தாளில் ஆறே ஆறு. மிச்சம் வயலுக்கும் களப்புக்கும் போயிருக்கும். எங்கேயோ மேசையில் இருந்து இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? உள்ளான் அழிகிறது என்று நினைப்பார். அடுத்த வருசம் மழை பொய்த்து அலைகரை வெளித்தால் நூறு வந்து நிற்கும்; பெருகிவிட்டது என்று எழுதுவார். இரண்டும் பிழை.

வாய்க்காலுக்குத் தண்ணி திறந்துவிடும் துருசடியில் அளவுகோலைப் பார்த்து வயல்விதானை அண்ணை கொப்பியில் அடி, அங்குலம் எழுதிவருகிறார். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று சண்டை பிடிக்கும்போது மட்டும் அதை வெளியே எடுக்கிறோம். அந்தக் கொப்பியில் ஒரு வரி, எண்ணும் நாளின் நீர்மட்டம், எங்கள் தாளில் ஏறினால் போதும். முடிந்தால் முந்தைய நாலைந்து மாதத்து அளவும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கத்தாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை: கனகராயன் ஆறு நிறைந்து வான்கதவு திறந்தால் வெள்ளம் போய் விழுவது சுண்டிக்குளக் களப்பில். மேலே எத்தனை அடி என்று தெரியாமல், கீழே ஏன் பூநாரை கூடியது, ஏன் குறைந்தது என்று சொல்லமுடியாது.

கூட்டம் கலைந்தபின் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னார்: "இண்டைக்கு நீங்கள் எண்ணுவியள், நாளைக்கு அவங்கள் எல்லைக்கல் நடுவாங்கள்." பின்வாங்குப் பகிடியை விட இதுதான் என்னை இரவு முழுக்க உருட்டியது. குளத்தைச் சரணாலயமாக்கி அரசாங்கம் வயலையும் எடுத்துவிடும் என்ற அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தகப்பன் உழுத காணியில் கல் நட்டிருந்ததைப் பார்த்த ஆட்கள் நமக்குள் இருக்கிறார்கள். மன்னார்ப் பக்கத்து வங்காலை 2008 இல் சரணாலயமானது, 2010 இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலுக்கு எண்ணிக்கையும் ஒரு அளவுகோல்: வழமையாக 20,000 நீர்ப்பறவை, அல்லது ஓரினத்தின் தொகையில் நூற்றுக்கு ஒன்று. நம்முடையது சின்னக் குளம், அதற்குக் கிட்டவும் போகாது. அதைச் சொல்லி உங்கள் பயத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. என் எண்ணம் வேறு. நாம் போகாவிட்டாலும் ஆராவது வந்து எண்ணத்தான் போகிறார்கள். அவர்கள் தாளில் பறவை மட்டும் இருக்கும். நம் ஆட்கள் நின்று எழுதினால், இந்தக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார்கள், அலைகரையில் எருமை மேய்கிறது, வலை போடுகிறார்கள், பறவையும் அதற்குள்தான் நிற்கிறது என்று அந்தத் தாளிலேயே பதியலாம். ஒரு பிரதி அமைப்பின் கோவையில் கிடக்கட்டும். எப்போதாவது கல்லோடு ஆரும் வந்தால் எடுத்து நீட்ட நம்மிடம் ஒரு கடதாசி இருக்கும்.

இன்னொன்று. சண்டைக் காலத்தில் இங்கே வருசா வருசம் நின்று எண்ண ஆருக்கும் வழியிருக்கவில்லை. அந்தக் காலத்துக் கணக்கு எருமைக்கார ஐயா மாதிரி ஆட்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கூழைக்கடா எந்த மருதமரத்தில் கூடு கட்டியது, எந்த வருசம் விட்டுப்போனது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமிருக்கவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். உண்மையில் எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த முறை ஒரு தனிக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை. ஐந்தேமுக்காலுக்குத் துருசடி. வயல்விதானை அண்ணை வராவிட்டாலும் கொப்பியை யாரிடமாவது கொடுத்துவிடட்டும். பகிடி விட்டவர் கட்டாயம் வரவேண்டும். அவருக்கு நீர்க்காகம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வாய்க்கால், கடைசிப் புலவுக்காரன்