அது மிகை நடிப்பு இல்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ‘தி விண்ட்’ என்ற 1928-ஆம் வருட ஊமைப்படம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படத்தைப் புகழ்ந்த கட்டுரையாளர், கதாநாயகி லில்லியன் கிஷ் கண்ணை அகல விரித்தபடி நிற்பதை மட்டும் மிகை நடிப்பு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

பேத்தி போனில் படத்தைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு தடவை பார்த்தேன். டெக்சாஸில் நடக்கிற கதையைக் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் எடுத்திருக்கிறார்கள். எட்டு விமான ப்ரொப்பெல்லர்களை ஓடவிட்டு மணலை வாரி அடித்தார்கள். வெயில் 120 டிகிரி. 108-க்கே வேலூரில் நாம் படும் பாடு தெரியும். கதவுப் பிடியைத் தொட்டு அந்த அம்மாவின் கை வெந்துபோனது. மேல்பூச்சு இளகிவிடாமல் ஃபிலிமை ஐஸில் வைத்துக் காப்பாற்றினார்கள். இத்தனைக்கும் இந்த நாவலைப் படமாக்கலாம் என்று எம்ஜிஎம் கம்பெனியில் போய்ச் சொன்னதே அவர்தான்.

நான் 1970-களில் பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு டென்ட் கொட்டகையில் ஆபரேட்டர். ஒரே புரொஜெக்டர், அதனால் படத்துக்கு மூன்று இடைவேளை. ஆடிக் காற்றில் ஆற்று மணல் புரொஜெக்டர் இருக்கிற கேபினுக்குள்ளேயே வந்துவிடும். ஃபிலிம் ஓடுகிற ‘கேட்’ என்ற சந்தில் ஒரு பொடி மாட்டினால் போதும், ரீல் முழுக்கக் கோடு விழுந்து திரையில் மழை பெய்யும். (மணல் அடித்து மழை வந்தது எங்கள் கொட்டகையில்தான்.) கோடையில், புரொஜெக்டர் வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சியின் சூடும் சேர்ந்துகொள்ளும், ஈரச் சாக்கைக் கேபினைச் சுற்றித் தொங்கவிடுவேன்.

கண்ணில் மண் விழுந்தால் யாரும் இறுக்கி மூடிக்கொள்வார்கள். எனக்கு அது முடியாது, கார்பன் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது என் முகம் பேயறைந்த மாதிரி இருக்கும் என்று கேபினுக்கு டீ கொண்டுவரும் பையன் சிரிப்பான். நான் நடிக்கவில்லை. அந்த அம்மாவும் கேமராவுக்காகக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

படத்தில் அவர் ஒருவனைச் சுட்டுக் கொன்று மணலில் புதைத்த பிறகு, காற்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த மணலை விலக்குவதை அவர் ஜன்னல் வழியே பார்ப்பார். போனில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். அப்படியும் எனக்குக் காற்று கேட்டது. பேசும்படப் பித்து பிடித்திருந்த நேரத்தில் வந்ததால் அன்றைக்கு ஓடவில்லை, பாவம்.

கட்டுரையோடு கதாநாயகி படத்தை மட்டும் போட்டிருந்தீர்கள். அந்த ப்ரொப்பெல்லர்கள் தெரிகிற படம் கிடைத்தால் அதையும் ஒரு வாரம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்.