நாட்டு நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் 28, வெறிநோய் தினத்தன்று தடுப்பூசி முகாம் நடந்தது. உண்ணி ஒழிப்புக் கூட்டம் மழையால் நடக்கவில்லை. நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை நானும் பொருளாளரும் மட்டும்தான் இருந்தோம்.

அடுத்து, தை மாதக் கால்நடைக் கண்காட்சியில் நாம் நடத்திய ஆடு ஓட்டும் போட்டி. ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

யோசனை என்னுடையது, மறுக்கவில்லை. வருஷா வருஷம் நாய்களை நடக்கவிட்டு, பல்லைப் பார்த்துக் கோப்பை கொடுப்பது எனக்குச் சலித்துவிட்டது. வேல்ஸில் பாலா என்ற ஊரில் 1873-லேயே நாய்களை வைத்து ஆடு ஓட்டும் போட்டி நடந்திருக்கிறது. அங்கே இப்போது 100 மதிப்பெண். நாய் ஆட்டை மிரட்டாமல் சுற்றிப் பின்னால் போக 20, கிளப்ப 10, மேய்ப்பவரிடம் கொண்டுவர 20, அப்புறம் அவரைவிட்டு விலக்கி ஓட்டிப்போக 30, மந்தையிலிருந்து சில ஆடுகளைப் பிரிக்க 10, பட்டியில் அடைக்க 10. ஓட்டுவதும் பிரிப்பதும் முதல் வருஷமே நமக்கு ஆகாது என்று எடுத்துவிட்டு 60-க்கு வைத்தோம். அதுவே அதிகம் என்று பிற்பாடு தெரிந்தது.

வயலில் ஆட்டுக் கிடை போட வந்திருந்த ஒரு கீதாரியிடம், அதாவது மந்தைக்காரரிடம், ஐந்து வேம்பூர் ஆடுகளைக் கேட்டு வாங்கினோம். முதலில் இறங்கியது ஒரு சிப்பிப்பாறை. என்னுடையதுதான். வாரை அவிழ்த்ததும் சுற்றிப் போவதாவது, முயலுக்குப் பாய்கிற பாய்ச்சல். ஆடுகள் படலைத் தாண்டிப் பக்கத்துக் கொத்தமல்லிக் காட்டுக்குள் போய்விட்டன. பூவும் காயுமாக நின்ற செடி. நாலு பேர் நாலு பக்கமும் விசிலடிக்க, இன்னும் உள்ளே போயின. நாய்மேல் குற்றமில்லை. அங்கத்து மேய்ப்பு நாயான பார்டர் கோலி பதுங்கி வந்து கண்ணாலேயே ஆட்டை நகர்த்தும். அதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது. நம்முடையது வேட்டைக்கு வளர்த்தது. அடுத்து வந்த ராஜபாளையம் ஆட்டைத் திரும்பியும் பார்க்காமல் நடுவரைப் பார்த்துக் குரைத்தது. கோம்பை பட்டி வாசலில் படுத்துக்கொண்டு எதையும் உள்ளே விடவில்லை. காவல் நாய் அல்லவா!

கடைசியில் கீதாரி தன் நாயை விட்டார். ஒரு காது கிழிந்த, பெயர்கூட இல்லாத மந்தை நாய். காட்டின் ஓரமாகவே நடந்து போய்ப் படுத்தது. ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. எழுந்து நாலடி நடந்தது, மறுபடி படுத்தது. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பட்டிக்குள் நுழைந்தன. கோப்பையை அதற்கே கொடுத்தோம். ‘சாதி நாய் இல்லாததற்குப் பரிசா?’ என்று இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. 1906-ல் தொடங்கிய சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கமே, பதிவில்லாத நாயையும் வேலைத்திறன் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. கடிதம் எழுதிய இருவரும் அன்று களத்தில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

வேலைக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். வந்தவர்கள் 5. படல் கட்டியது நானும் என் மச்சினனும். அவன் உறுப்பினர்கூட இல்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. விவரம் பொருளாளர் நோட்டில் இருக்கிறது. கொத்தமல்லிக்குக் கொடுத்த நஷ்டஈடு ‘இதர செலவு’ என்று எழுதப்பட்டுள்ளது. அதில் பாதி என் கைப்பணம், இன்னும் திரும்பவில்லை. சந்தா 300 ரூபாய். 41 பேரில் 17 பேர் கட்டியிருக்கிறார்கள். கட்டாதவர்களில் மூவர், போன பொதுக்குழுவில் சந்தாவை உயர்த்தச் சொன்னவர்கள்.

இடம் தந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், மைக் செட் காரருக்கும், கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் எனக்குச் சந்தோஷம்தான். நோட்டு, முத்திரை, சாவி எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. யாரும் வராவிட்டால், தை மாதம் இந்தப் பக்கமே கிடை போடுவதாகக் கீதாரி சொல்லியிருக்கிறார். அவர் நாய் குட்டி போட்டிருக்கிறது. ஒன்றை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். படல் கட்ட நாலு பேர் இப்போதே பெயர் கொடுத்தால் நல்லது.