நீர்க்கரடியும் சாகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் நீர்க்கரடி (நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய எட்டுக்கால் நுண்விலங்கு) பற்றி வந்த கட்டுரைக்கு ‘எதனாலும் அழிக்க முடியாத உயிரினம்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

தண்ணீரில் நடமாடிக்கொண்டிருக்கும் நீர்க்கரடியைக் கொல்ல நம் உடம்புச் சூடே போதும். 2020இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஓர் இனத்தை 37 டிகிரி வெந்நீரில் ஒரு நாள் வைத்தார்கள், பாதி செத்துவிட்டது. அதே இனம் காய்ந்து சுருண்ட நிலையில் 82 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தும் பாதி பிழைத்தது. எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பு நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து, பீப்பாய் போல ஆகிவிடும் நிலை அது. அதற்கும் மெதுவாகக் காய வேண்டும். சட்டென்று காய்ந்தால் பெரும்பாலும் மரணம்தான்.

விண்வெளிக்குப் போனதும் இப்படிக் காய்ந்தவைதான். 2007இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் பத்து நாள் வெற்றிடத்தில் இருந்துவிட்டுப் பெரும்பாலானவை எழுந்துகொண்டன. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் தப்பியவை மிகச் சொற்பம். கட்டுரையில் இதைக் காணோம்.

‘நிலவில் இப்போது நீர்க்கரடிகள் வாழ்கின்றன’ என்ற வரியும் சரியல்ல. 2019இல் இஸ்ரேலின் பெரெஷீட் கலம் நிலவில் மோதியபோது அதில் காய்ந்த நீர்க்கரடிகள் இருந்தது உண்மை. மோதலைத் தாங்கியிருந்தால்கூட, தண்ணீர் இல்லாமல் எப்படி விழிக்கும்? பிறகு இப்படிப்பட்ட மோதலை அவை தாங்குமா என்று பார்க்க, பிரிட்டனில் உறைந்த நீர்க்கரடிகளைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டே பார்த்தார்கள் (ஆமாம், நிஜமாகத்தான்). வேகம் விநாடிக்கு 900 மீட்டரைத் தாண்டியதும் எதுவும் மிஞ்சவில்லை.

குழந்தைகளுக்கு வியப்புதான் வேண்டுமென்றால் ஜப்பானியர்களின் கதையைச் சொல்லலாமே. அண்டார்க்டிகாவில் 1983இல் எடுத்து உறையவைத்த பாசியை 2014இல் இளக்கினார்கள். இரண்டு நீர்க்கரடிகள் மெல்லக் காலசைத்தன. ஒன்று 20 நாளில் செத்துப்போனது. மற்றது தின்று தேறி, 19 முட்டை இட்டது. அவற்றில் 14 பொரித்தன.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் செய்முறையையும் நாலு வரி போடுங்கள்: சுவரில் காய்ந்த பாசியைப் பிய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த நீரைப் பள்ளி நுண்ணோக்கியில் 40 மடங்கில் பார்க்க வேண்டும். முதல் சொட்டில் கிடைக்காது. கிடைத்தால், கண்ணாடி மாதிரி உடம்புக்குள் அது தின்ற பச்சை வரை தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்