அவை நகல்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அவருடைய வண்ண ஓவியங்களைப் பற்றி மனம் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘மூன்று சிலுவைகள்’ படத்துக்குக் கீழே ‘ரெம்பிராண்ட் ஓவியத்தின் அச்சு நகல்’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டது. அது எந்த ஓவியத்துக்கும் நகல் இல்லை. 1653இல் அவரே செப்புத் தகட்டின் மேல் நேரடியாகக் கீறிய படம் அது. அந்தத் தகட்டில் மை பூசி அவர் எடுத்த ஒவ்வொரு தாளும் மூலப் படைப்புதான்.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உளியால் உலோகத்தைக் கையாலேயே வெட்டி எடுக்கும் அந்த முறையில்தான் ஐரோப்பாவில் முதலில் தகடுகள் செய்தார்கள். அதற்குப் பல வருடப் பழக்கமும் கைவலுவும் வேண்டும். அமிலத்தால் தகட்டை அரிக்கும் எட்சிங் முறை அப்படியல்ல. தகட்டைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிசாகத் தடவி, அதன் மேல் ஊசியால் வரைய வேண்டும். பூச்சு விலகிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். காகிதத்தில் பேனா ஓடுவது போலக் கை தாராளமாக ஓடும். வெட்டும் வேலை அமிலத்தினுடையது.

இந்த வித்தையை முதலில் வைத்திருந்தவர்கள் ஓவியர்கள் அல்ல, கவசம் செய்பவர்கள். இரும்புக் கவசங்களில் பூவேலை போட அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அந்த வேலை செய்த டேனியல் ஹோப்ஃபர்தான் அதைத் தாளில் அச்செடுக்கும் கலையாக மாற்றிய முன்னோடி. தேதி பொறித்த மிகப் பழைய எட்சிங் 1513இல் ஊர்ஸ் கிராஃப் செய்தது. ஜெர்மானிய ஓவியர் ட்யூரரும் 1515 முதல் 1518 வரை ஆறு தகடுகள் செய்து பார்த்தார், எல்லாம் இரும்பு. இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், கோடும் சற்று முரடாக விழும். அப்புறம்தான் செம்பு வந்தது. இன்றைய பிரான்ஸில் உள்ள லொரேன் பகுதியைச் சேர்ந்த ழாக் கல்லோ, வீணை போன்ற லூட் என்ற வாத்தியத்துக்குப் பூசும் கெட்டியான வார்னிஷைத் தகட்டுக்குக் கொண்டுவந்தார். மெழுகு போல அது உதிராததால், ஒரே தகட்டை அமிலத்தில் பலமுறை இறக்கி, மெல்லிய கோடும் தடித்த கோடும் அவரால் வேண்டியபடி எடுக்க முடிந்தது. 1633இல் வந்த அவருடைய போர்க்கொடுமைப் படங்கள் சிறியவைதான். அதற்குள் ஒரு மரம் முழுக்கத் தூக்கிலிடப்பட்ட மனிதர்கள்.

‘மூன்று சிலுவைகள்’ விஷயத்துக்கு வருகிறேன். ரெம்பிராண்ட் அதில் பெரும்பாலும் அமிலத்தைத் தொடவே இல்லை. ஊசியைச் செம்பில் அழுத்தி நேராகக் கீறினார், இதுதான் ஊசிக்கீறல். அப்படிக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால்தான் கோடு வெல்வெட் போலக் கறுப்பாக விழுகிறது. ஆனால் அச்சு உருளைக்கடியில் போகப் போகப் பிசிறு நசுங்கிவிடும். முதலில் எடுத்த தாளுக்கு இருக்கும் கறுப்பு பின்னால் எடுத்ததற்கு இருக்காது. பிறகு அவர் அதே தகட்டைச் சுரண்டி, கூட்டத்தில் பாதிப் பேரை அழித்து, இருட்டைக் கோடு கோடாக மேலிருந்து இறக்கினார். தகட்டை இப்படி மாற்றி மாற்றி அச்செடுக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். முதல் நிலையையும் நான்காம் நிலையையும் அருகருகே வைத்தால் இரண்டு வேறு படங்கள் என்றே சொல்லத் தோன்றும். இதில் எதை நகல் என்று சொல்வது?

நானும் ஒரு பட்டறையில் சில வருடங்களாக எட்சிங் பழகுகிறேன். என் முதல் தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய மறந்துவிட்டேன். தாளை உரித்தபோது என் கையெழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி வந்திருந்தது. 1650இல் ரெம்பிராண்ட் ஒரு கடற்சங்கை எட்சிங் செய்தார். தன் கையெழுத்தைக் கவனமாக மாற்றிப் பொறித்தார், சங்கை மட்டும் கண்ணில் பட்டபடியே வரைந்துவிட்டார். அச்சில் அதன் சுழி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வலம்புரியா இடம்புரியா என்று பார்த்து வாங்கும் நமக்கு அது சட்டென்று கண்ணில் படும். அவர் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்தும் வரைந்தவர். 1656இல் செய்த, பைபிளில் வரும் ஆபிரகாமின் எட்சிங்கில், வந்த விருந்தினர்கள் தரையில் அமர்ந்திருக்கும் விதம் அப்படி ஒரு சிற்றோவியத்திலிருந்து வந்ததுதான். கட்டுரையில் இதற்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட வேண்டுகிறேன். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது எட்சிங்கா, ஊசிக்கீறலா, எந்த ஆண்டு, எத்தனையாவது நிலை என்பதையும் படத்தின் கீழே சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
பதிப்போவியம் பழகும் ஒரு வாசகி,
கும்பகோணம்