ஃபைலைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். 2004 ஆவணியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. 2024 ஆவணியோடு இருபது வருஷம் முடிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் போய்க் கைகூப்ப முடியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

பைபாஸ் என்றதும் இதயத்தில் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு நடந்தது மகாதமனியில், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில். டகயாசு என்கிற நோய் அந்தக் குழாயின் சுவரை அழற்சியால் தடிக்கவைத்து, சிறுநீரகங்களுக்குச் சற்று மேலே ஒரு விரல் நீளத்துக்குச் சுருக்கிவிட்டிருந்தது. 1908-இல் மிகிட்டோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் கண்ணில் அதன் அடையாளத்தைப் பார்த்து எடுத்துச் சொன்னார். இன்றும் இது பெரும்பாலும் இளம்பெண்களுக்குத்தான் வருகிறது.

எனக்கு அப்போது 23 வயது. இரண்டு வருஷமாகத் தலைவலி, கையில் பிரஷர் 200. கல்யாணக் கவலை என்று சொல்லி ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டரம்மா என் தொடையிடுக்கில் விரல் வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு கையிலிருந்த பட்டையைக் கழற்றிக் காலில் சுற்றிப் பார்த்தார். 90. "காலில் கையைவிடக் கூடத்தாம்மா இருக்கணும். நடுவுல எங்கேயோ அடைபட்டிருக்கு" என்றார். கீழே ரத்தம் போதாத சிறுநீரகங்கள்தான் பிரஷரை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. டாக்டரம்மா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் இதைப் படிக்க வேண்டும்.

உடனே அறுத்துவிடுங்கள் என்று நான் அழுதேன். வாதநோய் டாக்டர் மறுத்துவிட்டார். அழற்சி அடங்காத குழாயில் தையல் நிற்காது என்று ஸ்டீராய்டு கொடுத்து, அழற்சி எவ்வளவு என்று காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனையை மாதாமாதம் பார்த்து, எட்டு மாதம் காக்கவைத்தார். முகம் உப்பிப்போய்க் கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல் அவரைத் திட்டியிருக்கிறேன். சார், மன்னித்துவிடுங்கள். அந்த எட்டு மாதம்தான் இந்த இருபது வருஷம்.

நாங்கள் சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் அப்பாவைக் கூப்பிட்டு, எனக்குள் வைக்கப்போகும் குழாயின் மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். பாலியெஸ்டர் நூலில் நெய்தது, கொசுவம் கொசுவமாக மடிப்பு. நெஞ்சுக்குள் மகாதமனியில் ஒரு முனை, சுருக்கத்துக்குக் கீழே மறுமுனை. அப்பா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஊடு நல்ல நெருக்கம்" என்றார். அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டார். இத்தனை வேலைக்கு நடுவில் ஒரு நெசவாளிக்குத் துணியைக் காட்ட வேண்டும் என்று தோன்றியதே சார், அதற்கு எப்படி நன்றி சொல்வது! ரத்தம் கொடுத்த எங்கள் தெருப் பையன்களையும் மறக்கவில்லை.

ஆனால் துணி தாங்கினாலும், தைத்த இடத்தில் தமனியின் சுவர் பல வருஷம் கழித்தும் பலூன் மாதிரிப் புடைக்கலாம் என்று சர்ஜன் அன்றே எச்சரித்திருந்தார். மகள் பிறந்த பிறகு நான் நன்றாக இருந்தேன். நன்றாக இருந்ததால் இரண்டு வருஷம் ஸ்கேனுக்குப் போகவில்லை. ரெக்கார்ட் அறையில் இருக்கும் அக்காதான் ஃபைலைப் பார்த்து, பழைய நம்பர் மாறிப்போய், எங்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார். போனேன். கீழ்த்தையலில் புடைப்பு. வெடிக்கும் முன்பே திறந்து சரிசெய்தார்கள். அக்கா, அது உங்கள் வேலையே இல்லை என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு அம்மா இருப்பது அந்தப் போனால்தான்.

போன வாரம் பார்த்தது: கையில் 130, காலில் 140. இரண்டு பிரஷர் மாத்திரை இன்னும் உண்டு. அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் உங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சேலை, வேட்டி நெய்திருப்பார்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். வருகிறேன் அக்கா, ஃபைலை எடுத்து வையுங்கள்.