எண்ணிப் பார்த்து வாங்கும் பொருளா அது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகத் துறை ஆய்விதழ்களையும் நிறுவனத் தகவல்களையும் இணையவழியாகத் தரும் தரவுத்தளங்களுக்கு நூலகங்கள் சந்தா செலுத்துவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அச்சுப்பிழையாக இருக்கும் என்று நான் கடந்துபோன ஒரு வாக்கியம் இரண்டாம் முறையும் அங்கேயே இருந்தது: “எதில் இதழ்கள் அதிகமோ அதை வாங்கிவிடலாம், இதை முடிவு செய்ய ஒரு நூலகருக்கு ஒரு பிற்பகல் போதும்.” வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, அந்தப் பிற்பகல் எப்போது வந்து போனது என்று இன்னமும் தெரியவில்லை.

தாங்கள் அறியாததல்ல, தரவுத்தளத்தை விற்க வரும் முகவர் கொண்டுவரும் பட்டியலில் இதழின் பெயர் இருந்துவிட்டால் இதழே வந்துவிட்டதாகப் பொருளாகாது. முழுக் கட்டுரையா, சுருக்கம் மட்டுமா, முழுக் கட்டுரை என்றால் எந்த ஆண்டிலிருந்து, புதிய இதழ் வெளிவந்து எத்தனை மாதம் கழித்து என்பதெல்லாம் அதே பட்டியலின் வலது ஓரத்துக் கட்டங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பல ஆய்விதழ்களுக்குப் பதிப்பகத்தார் ஓராண்டுத் தடை வைத்திருப்பதால், மாணவர் தேடும் இந்த ஆண்டுக் கட்டுரைக்குத் தலைப்பும் சுருக்கமும் மட்டுமே திரையில் வந்து நிற்கும். வணிகத் துறையின் பழம்பெரும் தொகுப்பான ஏபிஐ இன்ஃபார்ம் 1971இல் தொடங்கியபோது கட்டுரைச் சுருக்கங்களைத்தான் தந்தது. அதன் பெயரின் முதலெழுத்தே ‘சுருக்கப்பட்டது’ (Abstracted) என்பதைக் குறிப்பதுதான். அந்த நேர்மைக்காகவே அதன்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டு. நின்றுபோன இதழ்கள், பெயர் மாறியதால் இரு முறை எண்ணப்பட்டவை, ஏற்கெனவே அச்சில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தவை ஆகியவற்றை ஒரு பட்டியலில் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டே வர எனக்கு மூன்று நாள் பிடித்தது. தங்கள் கட்டுரையாளரின் பிற்பகல் மிக நீளமானது போலும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆம்பூரிலிருந்து வந்து எங்களிடம் எம்பிஏ படித்த மாணவர் ஒருவர், தம் தந்தையின் அப்பர் தைக்கும் யூனிட்டுக்காக ஒரு கேள்வியோடு வந்தார். அப்பர் என்றால் தேவாரம் பாடியவர் அல்லர், ஷூவின் மேற்பகுதி. எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து எந்தெந்த நாடு அப்பரை அதிகம் வாங்குகிறது என்பதே கேள்வி. ஒரு மாதச் சோதனைக்காக எங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த, ஆயிரக்கணக்கில் இதழ்கள் கொண்ட தொகுப்பில் ‘மேல்’ என்றும் பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லைத் (upper) தட்டினோம். மேல்நிலை மேலாளர்களின் மனஅழுத்தம் பற்றி வந்தது, மேல்தட்டு நுகர்வோர் பற்றி வந்தது, மூச்சுக்குழாய்த் தொற்று பற்றிக்கூட வந்தது, ஷூ வரவில்லை. சுங்க வகைப்பாட்டில் காலணி உதிரிப்பாகங்களுக்கு உரிய 6406 என்ற எண்ணைக் கொண்டு தேட அதில் வழியே இல்லை. கடைசியில் மத்திய வணிக அமைச்சகம் இலவசமாகவே தரும் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கியில் அதே எண்ணைக் கொடுத்து, நாடுவாரியான அட்டவணையை எடுத்துத் தந்தேன். மாணவர் அதைத் தாளில் அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து, வாசகர்கள் மேசைக்கு வந்து கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, சோதனைக்கு வரும் ஒவ்வொரு தளத்திலும் அதே கேள்விகளைப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்தவை பல. இந்திய நிறுவனங்களின் கணக்குகளுக்கு மும்பையின் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் (சிஎம்ஐஇ) நடத்தும் புரோவெஸ் மிக நல்ல தளம். ஆனால் அத்தகைய தளங்கள் நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளிலிருந்து உருவாகின்றன. பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உள்ள கூட்டாண்மை நிறுவனங்களோ தனியாள் நடத்தும் தோல் பதனிடும் டேனரிகளோ ஆண்டறிக்கை வெளியிட வேண்டியதில்லை என்பதால், நம் ஊர்த் தொழிலின் பெரும் பகுதி அங்கே காணக் கிடைக்காது. இது தளத்தின் குறையன்று. இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். இன்னொரு தளம், 2019இலேயே ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்ட பிறகும், ஆம்பூர் நிறுவனங்களை வேலூர் மாவட்டத்திலேயே வைத்திருந்தது. சிலவற்றின் முகவரியில் 1989இல் பிரிக்கப்பட்ட வட ஆற்காடு மாவட்டம் இன்னமும் உயிரோடு இருந்தது. எனக்கு அதில் ஒரு பழைய பாசம் உண்டுதான், ஆனால் மாவட்டவாரியாகத் தேடும் மாணவருக்கு அது உதவாது.

இவற்றையெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். விலைக்கு வாங்குவதை முடிவு செய்யும் குழுவில் நூலகருக்கு இடமில்லை. முகவர் கூட்ட அறையில் புரொஜெக்டரைப் போட்டு, உலகறிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைத் தட்டிக் காட்டினார், பக்கம் பக்கமாக வந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள், மதியம் பிரியாணி. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம், வளாகத்துக்கு வெளியிலிருந்து திறக்குமா, சந்தாவை நிறுத்தினால் பணம் கட்டிய ஆண்டுகளின் கட்டுரைகளாவது மிஞ்சுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு சந்தா புதுப்பிக்கப்படாதபோது, முதல் நாள் வரை திறந்த எதுவும் மறுநாள் காலை திறக்கவில்லை. நூலக அலமாரியில் அச்சு இதழ்களின் பைண்டு தொகுதிகள் தூசியோடு அப்படியே இருந்தன.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் இனிக் கவலையில்லை என்றும் கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் தருவது உண்மைதான். தருவது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவிட்டு மாவட்ட மைய நூலகத்தின் படியேறும் ஆம்பூர்த் தந்தை அந்தப் பட்டியலில் இல்லை. நூலக வரி பற்றி முன்பு நான் தங்களுக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் வரியைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு நன்றியுரையை மட்டும் வெளியிட்டீர்கள். இடநெருக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது சிறியது. ‘இதழ்களின் எண்ணிக்கை’ என்று கட்டுரையில் வந்த இடத்தில் ‘தடையின்றி முழுக் கட்டுரை கிடைக்கும் இதழ்களின் எண்ணிக்கை’ என்று இருந்திருக்க வேண்டும் என ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பிற்பகலையும் நீக்கிவிட்டால் நல்லது. இடம் போதாதென்றால் இக்கடிதத்தை விட்டுவிடலாம். திருத்தம் மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்,
காட்பாடி