விளையாட்டுத் தீர்ப்பாயத்தை எழுப்பிய செனகல் நீதிபதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் ஒலிம்பிக் தகுதிநீக்க வழக்கை முன்வைத்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் பற்றி வெளியிட்ட கட்டுரை பயனுள்ளது. ஆனால் 'ஒலிம்பிக் கமிட்டி உருவாக்கியது' என்ற ஒரே வரியில் அதன் பிறப்பைக் கடந்துவிட்டீர்கள். அதன் விதிகளை எழுதிய குழுவின் தலைவரும், 1984 முதல் 2007 ஜனவரியில் இறக்கும்வரை தீர்ப்பாயத்தின் தலைவரும் செனகல் நீதிபதி கேபா எம்பாய். அந்த விதிகளுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒப்புதல் தந்தது 1983-இல், நம் புதுதில்லியில் கூடியபோது. அவர் பெயர் விடுபட்டிருக்கக் கூடாது.

1924-இல் கவோலாக் நகரில் பிறந்தவர். செனகல் உச்ச நீதிமன்றத் தலைவர்; 1982 முதல் 1991 வரை ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதி. வளர்ச்சியையே ஒரு மனித உரிமையாக்கி 1972-இல் ஸ்ட்ராஸ்பர்கில் அவர் ஆற்றிய உரைதான் சட்ட உலகில் அவரை நிலைநிறுத்தியது. அந்தக் கருத்து 1981-இல் ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 22-ஆவது பிரிவாக வந்தது, 1986-இல் ஐ.நா. பொதுச்சபையின் பிரகடனமாயிற்று. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

ஆனால் எம்பாய் எப்படிப்பட்டவர் என்று காட்டுவது 1993 மார்ச் மாதம். செனகலின் 1992 தேர்தல் சட்டம் அவர் தலைமையில் எழுதப்பட்டது. வாக்களிக்கும் வயது 18 ஆனது. மறைவிடத்தில் நின்று வாக்களிப்பது கட்டாயமானது. அழியாத மை வந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. வாக்குகளைத் தொகுக்கும் தேசியக் குழுவில் வேட்பாளர்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. பிப்ரவரி அதிபர் தேர்தலில் அதுவே நடந்தது. இழுபறி, தேர்தல் முடிவை அறிவிக்கும் அரசமைப்பு மன்றத்தின் தலையில் விழுந்தது. அதன் தலைவராக இருந்த எம்பாய், முடிவு வெளியாகும் முன்பே மார்ச் 2 அன்று பதவி விலகினார். மே மாதம் அதே மன்றத்தின் துணைத் தலைவர் பபக்கார் சேய் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நினைத்தால், அந்த நாற்காலியின் மேல் இருந்த நெருக்கடி புரியும்.

மார்ச் 15 அன்று அடுத்த அடி சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. குதிரைக்கு ஊக்கமருந்து தந்ததாகத் தண்டிக்கப்பட்ட ஜெர்மன் வீரர் எல்மார் குண்டெல் தொடுத்த வழக்கில், விளையாட்டுத் தீர்ப்பாயம் உண்மையான நடுவர் மன்றமே என்று சுவிஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கூடவே மூன்று பலவீனங்களையும் சுட்டியது. செலவு முழுவதும் ஒலிம்பிக் கமிட்டியுடையது. விதிகளைத் திருத்தும் அதிகாரமும் அதனிடமே. 60 நடுவர்களில் 15 பேரைக் கமிட்டியும், இன்னொரு 15 பேரைக் கமிட்டியின் தலைவரும் நியமித்தார்கள். அந்தக் கமிட்டியே எதிர்த்தரப்பாக வந்து நின்றால் வீரருக்கு என்ன நம்பிக்கை இருக்கும்?

எம்பாய் கட்டியதையே குறை சொன்னார்கள் என்றாலும் சுமார் 20 மாதங்களில் தீர்ப்பாயத்தின் அமைப்பு மாற்றப்பட்டது. 1994 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய விதிகளின்படி, பணமும் நியமனமும் 20 பேர் கொண்ட தனி மன்றத்தின் கைக்குப் போயின. அதற்கும் அவரே தலைவர். 1973 முதல் அவர் ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினராகவும் இருந்தார் என்ற விமர்சனம் நியாயமானது. அந்தப் பதவியை அப்போதே விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் 2003-இல் ரஷ்யப் பனிச்சறுக்கு வீராங்கனை லசுட்டினா வழக்கில், கமிட்டியிடமிருந்து தீர்ப்பாயம் போதிய அளவு சுதந்திரமானது என்று அதே சுவிஸ் நீதிமன்றம் சொன்னது.

கட்டுரையில் ஒரு திருத்தமும் தேவை. 24 மணி நேரத்தில் தீர்ப்பு என்று பொதுவாக எழுதியிருந்தீர்கள்; அது 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக் நடக்கும் இடத்தில் அமர்த்தப்படும் சிறப்புப் பிரிவு போன்றவற்றுக்கே உரியது. அங்கும் பிரிவுத் தலைவர் கெடுவை நீட்டலாம். வினேஷ் வழக்கில் நீண்டதும் அப்படித்தான். வழக்கமான மேல்முறையீட்டில் கவனிக்க வேண்டியது மனு தாக்கல் செய்யும் கெடு: விளையாட்டுச் சங்கத்தின் விதி வேறு கெடு சொல்லாவிட்டால், சங்கத்தின் முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். அது தவறினால் வழக்கு உள்ளேயே போகாது. அடுத்த இதழில் எம்பாயின் பெயரோடு இதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை